கத்தரி வாங்கிய பிளாஸ்மா மெஷின்

அந்தத் தெருவில் அவளோடு சண்டை போடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெல்டர், அவருக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று பாதிதான் கேட்கும். இன்னொருவர் போன மாதம் கடை போட்ட தையற்காரர். அவர் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். மற்றபடி டீக்கடைக்காரர் முதல் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. தெரு அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தது. வாய்க்காக வைத்தார்களா கைக்காக வைத்தார்களா என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சண்டை நடந்திருக்கும்.

கை விஷயத்தில் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. இரும்புத் தகட்டில் இலை, கொடி, பறவை, அலை என்று எதைக் கேட்டாலும் வெட்டித் தருவாள். கல்யாணமான மூன்றாம் வருஷம், கணவரின் பட்டறைக் கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில் தொடங்கிய வேலை அது. அவர் ஒரு வாசல் கேட்டுக்காகத் தகட்டில் பறவை வெட்டிக்கொண்டிருந்தார். தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். "இது பறவையா, செருப்பா" என்று கேட்டுவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. தகட்டையும் கத்தரியையும் அவள் முன்னால் தள்ளி, "நீயே வெட்டு, பாப்போம்" என்றார். வெட்டினாள். விரலில் மூன்று இடத்தில் ரத்தம் வந்தது, ஆனால் பறவை பறவையாக இருந்தது. அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷமாக அவள் அந்தக் கொட்டகையை விட்டு நகரவில்லை.

கணவர் இருந்தவரை அந்த வாயை வாசலோடு நிறுத்த ஓர் ஆள் இருந்தார். வாடிக்கையாளர் யாராவது, "இன்னும் கொஞ்சம் சின்னதாப் பண்ணியிருக்கலாம்" என்று இழுத்தால், அவள் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் நடுவில் வந்து நின்று சிரித்துச் சமாளிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பஸ் ஏறப் போனவர் ஏறவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்திலேயே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொரு வயது.

கொட்டகை அவள் கணவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. அண்ணன் போனபின் அண்ணன் பாதி அண்ணியுடையது, தம்பி பாதி தம்பியுடையது. தம்பியைத் தெருவில் எல்லோரும் சின்னவர் என்பார்கள். ஆள் சின்னவர் இல்லை, கதவை அடைக்கிற உடம்பு. தண்ணீர்த் தொட்டிக்கு நிற்கும் தாங்கிகள், கூரைச் சட்டங்கள், லாரி போகிற அகலத்துக்குக் கேட்டுகள் என்று கனமான வேலைதான் செய்வார். அண்ணன் போன ஒரு மாதத்தில் அவர் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்து, கொட்டகைத் தரையில் வாசலிலிருந்து பின்சுவர்வரை ஒரு கோடு போட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பேசியது ஆகிவிடும்.

கோடு நேராகத்தான் போனது. சாமான்கள்தான் நேராகப் பிரியவில்லை. காற்று நிரப்பும் கம்ப்ரஷர் சின்னவர் பக்கம் மாட்டிக்கொண்டது. கரன்ட் பெட்டியும் மெயின் சுவிட்சும் அவள் பக்கம். அவருக்குக் கோபம் வந்தால் காற்றுக் குழாயை மூடுவார். அவளுக்குக் கோபம் வந்தால் சுவிட்சைக் கீழே தட்டுவாள். இப்படி ஏட்டிக்குப் போட்டியாக ஒரு நாளைக்கு நாலு முறை இருட்டும் அமைதியும் வரும். அந்த நேரத்தில் வெல்டர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

பேச வேண்டியது வந்தால் வெல்டர் வழியாகத்தான் பேசினார்கள். அவர் இருவருக்கும் பொதுவான ஆள், கோட்டின் மேலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை செய்வார். "வெல்டரே, அந்த அம்மா தகட்டை என் பக்கம் சாய்ச்சு வெச்சிருக்காங்க, எடுக்கச் சொல்லுங்க." "வெல்டரே, காலை மடக்கி வெச்சா தகடு இடிக்காதுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க." வெல்டருக்குப் பாதி கேட்காது, கேட்ட பாதியையும் அவர் யாரிடமும் சொல்லமாட்டார். சொல்லவும் தேவையில்லை. எட்டடி தூரத்தில் நின்றுதான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஒரு நூலகம் கட்டிக்கொண்டிருந்த இன்ஜினியர் வந்தார். எப்போதும் போனைப் பார்த்தபடியே பேசுகிற மனிதர். நூலகத்தின் படிக்கட்டுக்கு ஐம்பத்திரண்டு தகடுகள் வேண்டும். இரண்டு மில்லி கனம். ஒவ்வொன்றிலும் இலைக்கொடி, ஒவ்வொன்றும் வேறு வேறு. இலைக்குள் நரம்பு தெரிய வேண்டும், கொடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்ட ஓட்டைகள் வர வேண்டும். லேசர் வைத்திருக்கும் கம்பெனியில் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்களாம். அவருக்கு அவ்வளவு நாள் இல்லை.

அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் கைக்கத்தரியும் அரமும் வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு தகடு வெட்டினால் நூலகம் பழசாகிவிடும். பிளாஸ்மா மெஷின் ஒன்று வேண்டும். காற்றை ஊதி, அதில் கரன்ட்டைப் பாய்ச்சி, அந்தச் சூட்டில் இரும்பை உருக்கி வெட்டுகிற மெஷின். சின்னவரும் ஆறு மாதமாக அதே மெஷினைப் பற்றித்தான் வெல்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். சிக்கல் அங்கேதான். அவருக்கு வேண்டியது நூறு ஆம்ப் மெஷின், ஓர் அங்குலக் கனத்தையும் அறுக்கிற மிருகம். அவளுக்கு வேண்டியது மெல்லிய கோடு. கொட்டகைக்கு வரும் கரன்ட்டோ ஒரு மெஷினைத்தான் தாங்கும்.

"வெல்டரே, பெருசு வாங்கினா சின்னதும் வெட்டலாம். சின்னதை வாங்கினா பெருசை வெட்ட முடியுமான்னு கேளுங்க" என்றார் சின்னவர்.

"மரம் வெட்டுற கோடாலில நகம் வெட்டிக்கச் சொல்லுங்க வெல்டரே. அவருக்குப் பொருத்தமா இருக்கும்."

ஒரு வாரம் இதே பாட்டு. கடைசியில் சின்னவர் ஒரு முடிவோடு வந்தார். மெஷினை அவளே பார்த்து எடுக்கட்டும். கடையில் ஒரு வார வெள்ளோட்டத்துக்குத் தருவார்கள். இன்ஜினியர் கேட்ட மாதிரித் தகடு ஒன்றை அதில் வெட்டிக் காட்டட்டும். அவர் சரி என்று சொல்லிவிட்டால் சின்னவர் அதற்கப்புறம் வாயே திறக்கமாட்டார். இல்லையென்றால் பெரிய மெஷின் வரும், அவள் தன் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

மகன் வேறோர் ஊரில் ஆறாவது மாடியில் இருந்தான். அவளுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, அதில் டிவியும் ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டு, "எப்பம்மா வர்ற" என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும். போன முறை போயிருந்தபோது நாலாம் நாளே மருமகளின் சமையலறை ஜன்னல் கம்பி கோணல் என்று சொல்லப்போக, வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. வேலை இல்லாத அவளை யாராலும் தாங்க முடியாது என்று அவளுக்கே தெரியும். அப்படியிருந்தும் ரோஷம் முந்திக்கொண்டது. "சரின்னு சொல்லுங்க வெல்டரே" என்று சொல்லிவிட்டாள்.

மெஷின் கடையில் நாலு ஆண்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். விற்பனைக்காரர் ஒரு கனத்த இரும்புக் கட்டையை மேஜையில் வைத்து, பெரிய மெஷினின் சுடர் கக்கும் கைப்பிடியான டார்ச்சைப் பிடித்து அறுத்துக் காட்டினார். தீப்பொறி கூரைவரை போனது. கட்டை இரண்டாகி தொம்மென்று விழுந்தது. நாலு பேரும் தலையாட்டினார்கள். மெஷின் வாங்க வருகிறவர்கள் எல்லோருமே இதைத்தான் பார்த்துவிட்டு வாங்கிப் போகிறார்கள். வீட்டுக்குப் போய் வெட்டுவதென்னவோ மெல்லிய தகடு.

அவள் பையிலிருந்து இரண்டு மில்லித் தகட்டை எடுத்தாள். அதில் கூரான ஆணியால் ஓர் இலையும், இலைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் அளவு வட்டமும் கீறிக் கொண்டுவந்திருந்தாள். "இதை வெட்டுங்க."

"இதெல்லாம் ஜுஜுபிம்மா" என்று சிரித்துக்கொண்டே விற்பனைக்காரர் பெரிய மெஷினிலேயே வெட்டினார். வட்டம் முட்டையாக வந்தது. தகட்டின் அடியில் உருகிய கசடு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. இலையின் முனை உருகியே போய்விட்டது. அவள் அதை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்து, "இதை உங்க வீட்டு வாசல்ல மாட்டுவீங்களா" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது.

இரண்டாவது மெஷின் கோடு நன்றாகத்தான் போட்டது. ஆனால் டார்ச்சைப் பற்றவைக்கும் ஒவ்வொரு தடவையும் கல்லாப்பெட்டி மேல் இருந்த கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எரிந்தது. "பத்தவைக்கிறப்பவே பக்கத்துல இருக்கறதையெல்லாம் கெடுக்குற மெஷின் எனக்கு வேணாம். அதுக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருக்காரு" என்றாள். மூன்றாவதில், குறைந்த ஆம்ப்பில் ஓட்டுவதற்கு டார்ச் முனையில் பூட்டுகிற மெல்லிய நாசில் கிடையாது. நாலாவது சின்ன மெஷின், நாற்பத்தைந்து ஆம்ப். மெல்லிய நாசிலைப் பூட்டி முப்பதுக்கு இறக்கி அவளே டார்ச்சைப் பிடித்து வெட்டினாள். கோடு ஒரு மில்லிகூட அகலமில்லை. வெட்டி விழுந்த வட்டத்தை எடுத்து அதே ஓட்டையில் திரும்ப வைத்தாள். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. அடியில் இருந்த கசடு நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓடும், நாசில் எத்தனை நாள் வரும், உதிரி எங்கே கிடைக்கும், கேபிள் எவ்வளவு நீளம் என்று ஒன்றரை மணி நேரம் விற்பனைக்காரரைக் குடைந்து எடுத்தாள். அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலைவலி மாத்திரை போட்டிருப்பார். எல்லாவற்றையும் கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கடையின் சுவரில் காற்றுக் குழாய்க்கு நடுவே கண்ணாடிக் குடுவை மாதிரி ஒன்று தொங்கியது. அது எதற்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மெஷின் ஒரு சாயங்காலம் கொட்டகைக்கு வந்தது. நாலு அங்குலம் வெட்டிப் பார்த்து, வெண்ணெய் மாதிரிப் போகிறது என்று திருப்தியோடு மூடி வைத்தாள். மறுநாள் விடியும்போதே மழை. பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்து, போனைப் பார்த்தபடி சுவரோரம் நின்றார். சின்னவர் தன் பக்கம் ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

தகட்டின் மேல் இலை வடிவ அச்சை வைத்து, டார்ச்சின் மூக்கு அதை உரசிக்கொண்டு போகும்படி வெட்ட ஆரம்பித்தாள். முதல் இலை. இரண்டாவது இலை, நரம்போடு. இன்ஜினியர் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார். ஒன்பதாவது இலையில் டார்ச் துப்பியது. அதுவரை சீறிக்கொண்டிருந்த சத்தம் உடைந்து படபடவென்று வெடித்தது. நீலமாக இருந்த சுடர் பச்சையாயிற்று. கோடு அகன்று இலையின் நடுவில் ஒரு கருத்த புண்ணைப் போட்டது. அவள் நிறுத்தி, மறுபடி பற்றவைத்தாள். இன்னும் மோசம். நாசிலைக் கழற்றிப் பார்த்தால் அதன் சின்ன துளை ஒரு பக்கமாகத் தின்னப்பட்டு வாய் பிளந்திருந்தது. டார்ச்சின் முனையிலிருந்து அவள் உள்ளங்கையில் இரண்டு சொட்டு தண்ணீர் விழுந்தது.

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கம்ப்ரஷர் காற்றை அழுத்தும்போது அதிலிருக்கும் ஈரம் டாங்கின் அடியில் தண்ணீராகச் சேரும். தினமும் காலையில் அடியிலுள்ள திருகைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். கணவர் இருந்தவரை அவர்தான் திறப்பார். அவர் போனபின் சின்னவர் திறக்கவில்லை. இரண்டு பேர் காற்றுக்கு நான் ஏன் குனிய வேண்டும் என்பது அவர் நியாயம். அவளும் திறக்கவில்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாங்குக்கு நான் ஏன் குனிய வேண்டும் என்பது அவள் நியாயம். தூசி ஊதவும் டயருக்குக் காற்றடிக்கவும் அந்த ஈரம் ஒரு பொருட்டில்லை. இரண்டு வருஷத் தண்ணீர் அந்த டாங்குக்குள் இருந்தது.

"என்ன ஆச்சு" என்றார் இன்ஜினியர். "மெஷின் கோளாறா, கை கோளாறா? சீக்கிரம் சொல்லுங்க, நான் வேற ஆளைப் பாக்கணும்."

மெஷின் என்றால் மெஷின் கடைக்குத் திரும்பிப் போகும். கை என்றால் அவள் மகன் வீட்டுக்குப் போவாள். மிச்சமிருந்தது ஒரே பதில், அது டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தது. சின்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் தன்னை நோக்கிக் கையை நீட்டப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும், அதற்கு இரண்டு வருஷமாகத் தீட்டி வைத்த பதில் தொண்டையில் தயாராக இருந்தது. அவள் நீட்டுவாள், அவர் கத்துவார், இன்ஜினியர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"மெஷின் நல்லாருக்கு, கையும் நல்லாருக்கு" என்றாள். வார்த்தை வர மறுத்தது. அந்த வாய்க்குப் பழக்கமில்லாத வார்த்தை. "காத்துல ஈரம். மெஷின் எடுக்கும்போதே அதைக் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு. நாலு மணிக்கு வாங்க, தகடு தயாரா இருக்கும்."

இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி. நாலு பத்துக்கு நான் இருக்க மாட்டேன்."

அவர் போனதும் அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். சின்னவர் டிரம்மிலிருந்து இறங்கி கம்ப்ரஷருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கோடு" என்றார். இரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கண்ணு தெரியுது எனக்கு. நகரு."

அவர் உடனே நகரவில்லை. கொஞ்ச நேரம் அவளையே முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்புறம்தான் அரை அடி ஒதுங்கினார். அவள் குனிந்து திருகைத் திறந்தாள். துருப்பிடித்திருந்ததால் இரண்டு கையாலும் முறுக்க வேண்டியிருந்தது. பழுப்புத் தண்ணீர் சீறி அடித்து அவள் முழங்கால்வரை நனைத்தது. ஒரு வாளி, இரண்டு வாளி, மூன்றாவது வாளியும் முக்கால் நிரம்பியது. சின்னவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வாளியைக்கூட நகர்த்திக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவரைப் போல வெறுக்கத்தக்க மனிதர் உலகத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தண்ணீர் போனாலும் மழைக்காற்றின் ஈரம் போகாது. கடைச் சுவரில் தொங்கிய கண்ணாடிக் குடுவை இப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற அந்த மாதிரிக் குடுவை தெருவில் ஒரே ஆளிடம்தான் இருந்தது: கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவர் அடித்த பெயின்ட் புகை தன் தகட்டில் படிந்துவிட்டது என்று போன வருஷம் அவரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். மழையில் நனைந்துகொண்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

"என்ன, இன்னிக்கு என்ன புகை" என்றார் பெயின்டர்.

"தண்ணி பிரிக்கிற குடுவை வேணும். சாயங்காலம் தந்துடறேன்."

"வேணும்னா? வேணும்னு சொன்னா தந்துடணுமா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "தயவு பண்ணித் தாங்க."

பெயின்டர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, "வந்து பாரு, கத்தரி தயவுங்குது" என்றார். மனைவி வந்து பார்த்துவிட்டுப் போனாள். குடுவையைக் கழற்றிக் கொடுக்கும் முன்னால் அவர் ஒரு முழு டம்ளர் டீயைக் குடித்து முடித்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

குடுவையைக் குழாயில் பூட்டி, கம்ப்ரஷரை ஓடவிட்டு, காற்றை வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தாள். துணி நனையவில்லை. மெஷினோடு வந்த நாசில்கள் இரண்டுதான், ஒன்று போயிற்று. இரண்டாவதும் போனால் முடிந்தது கதை. மணி ஒன்றரை. புதுத் தகட்டை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு இலைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது இலை வந்தது. சுடர் நீலமாகவே இருந்தது. இடையில் கரன்ட் போகவில்லை, காற்றும் நிற்கவில்லை. காற்றுக் குழாயின் பிடி சின்னவர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு இன்ஜினியர் வந்தார். தகட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அடியில் விரலை ஓட்டினார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு பொத்தான் ஓட்டைக்குள் விட்டுச் சுற்றிப் பார்த்தார். போன் அடித்தது, அவர் எடுக்கவில்லை. "ஐம்பத்திரண்டும் இதே சுத்தத்துல இருக்கணும்" என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் அப்போது உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். ஆனால் கத்தரியாயிற்றே. ஜெயித்த கையோடு நாலு வார்த்தை சொல்லாவிட்டால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. சின்னவர் தன் பக்கம் ஒரு சட்டத்தை அளந்துகொண்டிருந்தார். சொன்ன சொல் மாறாமல் வாயைத் திறக்கவே இல்லை. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்கண்ணன் இருந்திருந்தா ரெண்டு வருஷத் தண்ணியைச் சேர விட்டிருப்பாரா" என்றாள்.

அவர் அளவுநாடாவைக் கீழே வைத்தார். "அண்ணன் பேரை நீங்க எடுக்காதீங்க. அவர் செத்த மூணாம் நாளே சாவி கேட்டு வந்தவங்க நீங்க."

"வந்தேன். ஆமா வந்தேன். வீட்டுல உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

"எனக்குப் பிடிக்காதா?" அவர் குரல் பெரிதாகவில்லை, அதுதான் அவளை நிறுத்தியது. "வீட்டுல அம்மா அழுதாங்க. பொண்டாட்டி அழுதா. புள்ளைங்க பெரியப்பா பெரியப்பான்னு அழுதுச்சுங்க. உங்க புள்ளை என் தோள்ல சாஞ்சுட்டு அழுதான். எல்லாரையும் தேத்த நான் ஒருத்தன். எங்க போய் அண்ணி நான் அழறது? இங்க வந்து ஷட்டரை இறக்கிட்டு உக்காந்தேன். பத்து நிமிஷம் ஆகல. நீங்க வந்து தட்டுனீங்க. என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. சாவியை வாங்கினீங்க, தகடு தேய்க்கிற கிரைண்டரைப் போட்டீங்க. போட்டுட்டு, சாயங்காலம் தெரு பூரா சொன்னீங்க, அண்ணன் செத்த மூணாம் நாளே தம்பி குடிச்சிட்டு கொட்டகைல கிடக்கறான்னு."

அவர் சொன்னது உண்மை. ஷட்டரைத் தூக்கியபோது அவர் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். டீக்கடையில் சொன்னாள், தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், மாமியாரிடமே சொன்னாள். அழுத கண்ணும் சிவக்கும் என்பது மூன்று நாளாக அழாமல் இருந்த அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

"நான் குடிக்கறதே இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டுச் சின்னவர் கடிகாரத்தைப் பார்த்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். வெல்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கரன்ட் போய்விட்டதோ என்று மேலே விளக்கைப் பார்த்தார்.

மறுநாள் ஏழு மணிக்குச் சின்னவர் ஷட்டரைத் தூக்கி உள்ளே போவதை எதிர்ச் சாரியில் டீக்கடை வாசலில் நின்று அவள் பார்த்தாள். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவளும் உள்ளே இருப்பாள். உள்ளே ஐம்பத்திரண்டு தகடு காத்திருந்தது, கை அரித்தது. அவள் போகவில்லை, அவர் கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று நின்றாள். வெல்டர் தன் பாட்டுக்குக் கொட்டகையைப் பார்த்து நடந்து வந்தபோது அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, கையில் ஒரு டீயைத் திணித்தாள். அவர் குடித்து முடித்துக் கிளம்பப் பார்த்தார். இன்னொரு டீயைத் திணித்தாள். டீக்கடைக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். அவள் முறைத்ததும் திரும்பிக்கொண்டார். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் அழுகிறாரா, அளவெடுக்கிறாரா, சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது. மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டைவரை வந்து வந்து திரும்பியது. அவளுக்கு அவரை இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாம் நாளை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

ஏழரைக்கு வெல்டரோடு உள்ளே போனாள். சின்னவர் முகம் கழுவியிருந்தார். கன்னத்தில் ஈரம் இருந்தது, அது குழாய்த் தண்ணீராகவும் இருக்கலாம். அவள் இந்த முறை முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கெல்லாம் வர்றவங்க" என்றார், சட்டத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"இனிமே ஏழரைக்குத்தான் வருவேன்" என்றாள் அவள். "நாளைக்கும் ஏழரைதான். நாளன்னைக்கும்."

அவர் அளவுநாடாவை எடுத்துச் சட்டத்தின் மேல் நீட்டினார். அவள் தகட்டை எடுத்து மேஜையில் போட்டு, முதல் இலையைக் கீற ஆரம்பித்தாள்.